137.5க்கும் 137.508க்கும் நடுவே

மூன்று மாதமாக ராத்திரியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கணினிக்குக் கோட் (நிரல்) எழுதிப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒரு சூத்திரத்தைக் கொடுத்து, அதன்படி புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, திரையில் என்ன வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. எல்லாமே பி5.ஜேஎஸ் என்ற, படம் வரைவதற்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தில் எழுதியவை, பிரவுசர் இருந்தால் போதும், ஓடிவிடும். எது எப்படி வந்தது, எங்கே சிக்கியது என்று மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் எடுத்தது சூரியகாந்தி. அந்தப் பூவில் விதைகள் அடுக்கியிருக்கும் விதத்துக்கு 1979இல் ஹெல்முட் ஃபோகல் கொடுத்த சூத்திரம், இரண்டே விதிகள்தான். ஒவ்வொரு புள்ளியையும் முந்தைய புள்ளியிலிருந்து 137.5 டிகிரி திருப்பி வைக்க வேண்டும். மையத்திலிருந்து அதன் தூரம், அந்தப் புள்ளியின் வரிசை எண்ணுக்கு வர்க்கமூலம். அதாவது நூறாவது புள்ளி 10 அலகு தள்ளி, நானூறாவது புள்ளி 20 அலகு தள்ளி. நான் முதல் தடவை வர்க்கமூலம் போடாமல் எண்ணை அப்படியே தூரமாக வைத்துவிட்டேன், நடுவில் ஒரே நெரிசல், ஓரத்தில் வெறிச்சோடிக் கிடந்தது. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கமாகக் கூடுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். வர்க்கமூலம் சேர்த்ததும் ஒவ்வொரு புள்ளிக்கும் சம இடம் கிடைத்து, ஆயிரம் புள்ளிகளில் ஒரு முழுப் பூ விரிந்தபோதுதான் அந்தப் பாடம் கண்ணில் பட்டது.

சரி, கோணத்தை ஒரு டிகிரி நகர்த்தினால் என்ன ஆகும் என்று 136 போட்டேன். பூ போய்விட்டது. ஓரத்தில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நேர்நேரான கோடுகள், எண்ணினால் 45. 138 போட்டால் 60 கோடுகள். காரணம் எளிமையான கணக்கு: 136ஐ 45 தடவை கூட்டினால் சரியாக 17 முழுச் சுற்று வந்துவிடுகிறது, ஆகவே நாற்பத்தாறாவது புள்ளி முதல் புள்ளி இருந்த திசையிலேயே போய் உட்காருகிறது. அதற்கப்புறம் வருகிற எல்லாமே பழைய தடத்தில்தான்.

அப்படியானால் 137.5 மட்டும் ஏன் தப்பித்தது? தப்பிக்கவில்லை. எனக்கு அது தெரிந்ததே தற்செயலாகத்தான், பெரிய படமாக எடுத்து வைக்கலாம் என்று ஆயிரம் புள்ளியை இருபதாயிரமாக ஆக்கியபோது. நடுவில் அதே அழகான பூ, ஆனால் வெளிப்பக்கம் போகப் போக மெல்லிய நேர்கோடுகளாகப் பிரிந்து நின்றது. நிரலில் எங்கோ பிழை என்று நினைத்து இரண்டு ராத்திரி தேடினேன். பிழை எண்ணில் இருந்தது. 137.5ஐ 144 தடவை கூட்டினால் 19,800, அது சரியாக 55 முழுச் சுற்று. 144 ஆரக்கால்கள் அங்கே ஒளிந்துகொண்டுதான் இருந்தன, ஆயிரம் புள்ளியில் அவை தெரியும் அளவுக்குப் பூ வளரவில்லை, அவ்வளவுதான். வட்டத்தைப் பொன் விகிதத்தில் (சுமார் 1.618) பிரிக்கும் உண்மையான பொற்கோணம் 137.508 டிகிரிக்குக் கிட்டே இருக்கிறது. அதைப் போட்டதும் ஓரம் வரை கோடே இல்லை, எங்கே பார்த்தாலும் ஒரே அடர்த்தி.

பின்னத்துக்குள் எளிதில் அடங்காத எண்களிலேயே பொன் விகிதம்தான் மிகவும் பிடிவாதக்காரன் என்று படித்திருக்கிறேன். படித்தது அப்போது காதில் விழுந்தது, அவ்வளவே. ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம் திரையில் ஒரு பூவைக் காப்பாற்றுவதைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது.

அடுத்து சதுரங்கள். ஜெர்மனியின் கியோர்க் நீஸ் 1968 வாக்கில் கணினியால் செய்த ‘ஷோட்டர்’ என்ற படம், சொல்லுக்குச் சரளைக்கல் என்று பொருள். வரிசைக்கு 12 சதுரம், 22 வரிசை. மேலே கட்டம் போட்டதுபோல ஒழுங்கு, கீழே வர வர ஒவ்வொன்றும் கொஞ்சம் திரும்பி, கொஞ்சம் விலகி, கடைசியில் சரிந்து கொட்டிய கல் மாதிரி கிடக்கும். எழுதுவதற்கு இருபது வரிகூடத் தேவைப்படவில்லை: வரிசை எண் ஏற ஏற ரேண்டம் (தற்செயல்) எண்ணின் எல்லையை அகலமாக்க வேண்டும். எல்லா வரிசைக்கும் ஒரே அளவு கலைப்பைக் கொடுத்தும் பார்த்தேன், குறைவாகவும் கூடுதலாகவும். இரண்டுமே உயிரில்லாமல் இருந்தன. ஒழுங்கு எங்கே நழுவத் தொடங்குகிறது என்று கண் தேடுகிறது போல. மேலே அது இருந்தால்தான் கீழே கலைந்தது கலைந்ததாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் ஓவியர் வெரா மோல்னாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1968இலேயே கணினியைக் கையில் எடுத்தவர், 2023இல் 99 வயதில் மறைந்தார். கணினி கிடைக்காத நாட்களில்கூட, விதிகளை எழுதி வைத்துக்கொண்டு, தானே ஓர் இயந்திரம் என்று பாவித்து அவற்றைப் படிப்படியாகக் கையால் வரைந்திருக்கிறார். “கம்ப்யூட்டர்தானே வரைஞ்சது, இதுல நீ என்ன பண்ணே?” என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொல்வது அவருடைய கதையைத்தான். விதியை யோசிப்பதும், வந்ததில் எது நிற்கும் என்று பார்ப்பதும்தான் இதில் வரைவது. அதை நான் முழுதாக நம்புகிறேன்.

இரண்டாவது மாதம் முழுக்க கிளிஃபர்ட் அட்ராக்டர் விழுங்கிவிட்டது. கிளிஃபர்ட் பிக்கோவரின் பெயரால் வழங்குவது. ஒரு புள்ளியின் இடத்தை எடுத்து, சைன், கொசைன் போட்டுக் கலக்கினால் அடுத்த புள்ளியின் இடம் வரும், அதை மறுபடி அதே சூத்திரத்தில் போட வேண்டும். நான்கு எண்கள் மட்டும் நம் கையில். நான் தொடங்கியது -1.4, 1.6, 1.0, 0.7. சில எண்களுக்கு மொத்தமும் நாலைந்து புள்ளியில் போய் அடங்கிவிடும், சிலவற்றுக்கு முடிவே இல்லாமல் அலையும். அலைவதுதான் நமக்கு வேண்டியது.

ஒரு கோடிப் புள்ளி ஓடவிட்டு, ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை தடவை புள்ளி விழுந்தது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையே வெளிச்சமாக மாற்றினேன். வந்தது கிட்டத்தட்ட முழுக் கறுப்பு, அங்கங்கே நாலு வெள்ளைக் கீறல். ஒரு பிக்சலில் ஒரு தடவை, இன்னொன்றில் பல ஆயிரம் தடவை என்று விழும்போது, பெரியது சின்னதை அடித்துவிடுகிறது. எண்ணிக்கைக்குப் பதில் அதன் மடக்கையை, அதாவது லாக் எடுத்து வெளிச்சமாக்கினேன். மாற்றியது ஒரே ஒரு சொல். கறுப்புக்குள் இருந்து மெல்லிய துணி ஒன்று வெளியே வந்தது: மடிப்புக்குப் பின்னால் மடிப்பு, விளிம்பில் மட்டும் ஒளி கட்டியாகி, நடுவில் புகை மாதிரி ஊடுருவிப் பார்க்கலாம். அன்றைக்குத் தூங்கப் போகும்போது மணி இரண்டரை. நம் கண்ணும் வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட இப்படி விகிதக் கணக்கில்தான் உணர்கிறது, அதனால்தான் லாக் போட்டதும் படம் இயல்பாகத் தெரிகிறது.

அதே வாரம் ஒரு நல்ல படத்தை இழந்தேன். பக்கம் திறக்கும்போதெல்லாம் நான்கு எண்களையும் ரேண்டமாக எடுக்கும்படி எழுதியிருந்தேன். ஒரு முறை இறகு போல ஒன்று வந்தது, இரண்டு இறகுகள் ஒன்றையொன்று தொடாமல் வளைந்து. நிறத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தேன். போயிற்று. பத்துப் பதினைந்து தசம இலக்கம் உள்ள நான்கு எண்களை மறுபடி எங்கே போய்த் தேடுவது? இன்னும் மனசு ஆறவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு படமும் தானாகவே சேமிக்கப்படுகிறது, கோப்பின் பெயரிலேயே நான்கு எண்களும் இருக்கும். இதைத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள், ரேண்டம் எடுத்தால் சீட் எண்ணையும், அதாவது அதே ரேண்டம் வரிசையை மறுபடி வரவைக்கும் தொடக்க எண்ணையும் சேர்த்து.

மூன்றாவது மாதம் திரும்பவும் சூரியகாந்திக்கே வந்துவிட்டேன், இந்த முறை அசையும் படமாக. இருபதாயிரம் புள்ளி, கோணம் 137.4இலிருந்து 137.6 வரை, ஒரு சட்டத்துக்கு (ஃபிரேம்) 0.0005 டிகிரி நகரும். மொத்தம் 400 சட்டம், 17 விநாடி ஓடுகிறது. முதலில் வளைந்த கைகள் மெதுவாக நிமிர்கின்றன, 137.4545இல் ஒரு கணம் நேராகி நிற்கின்றன, நிறுத்தி எண்ணினேன், 55. உடனே எதிர்ப்பக்கம் வளைந்து கலைகின்றன. 137.5இல் 144 மெல்லிய கோடுகள். அப்புறம் 137.508 வரும்போது எல்லாம் கரைந்து ஓரம் வரை நிரம்புகிறது, கண் சிமிட்டினால் தவறிப்போகும் அளவு நேரம்தான். கொஞ்சம் தாண்டி 137.528இல் மறுபடி கோடுகள், அவை 89. 55, 89, 144, மூன்றும் ஃபிபனாச்சி எண்கள் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை), நான் நிரலில் எங்கேயும் எழுதாதவை. அந்த 137.508 சட்டத்தை மட்டும் தனியாக எடுத்து, ஒரு லட்சம் புள்ளியில் இப்போது ஓடவிட்டிருக்கிறேன்.