பென்ச்சில் ஒளிந்துகொள்ளும் பழுது

கருகி, வாடை அடித்துக்கொண்டு பழுதுபார்க்க வரும் விமான மின்னணுப் பெட்டியைக் கண்டு எனக்குப் பயமில்லை. காரணம் கண்ணெதிரே இருக்கும். பட்டறைச் சோதனை மேசையான பென்ச்சில் ஏற்றியதும் நல்ல பிள்ளையாக எல்லா டெஸ்ட்டிலும் தேறிவிடும் பெட்டிதான் தூக்கத்தைக் கெடுக்கும். "ரேடியோ ஆல்டிமீட்டர் விட்டு விட்டு வேலை செய்கிறது" என்று லாக் புத்தகத்தில் பைலட் எழுதியிருப்பார். தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ரேடியோ அலையால் அளக்கும் கருவி அது. இங்கே 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் சப்ளை கொடுத்துப் பார்த்தால் எல்லா அளவும் சரி. 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' (பழுது எதுவும் இல்லை) என்று டேக் எழுதி அனுப்பினால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் அதே சீரியல் நம்பர் சீக்கிரமே திரும்பி வரும்.

சிங்கப்பூரில் சாங்கி பக்கத்து ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவி) பட்டறையில் என்னைப் பழக்கிய மூத்தவர் அந்த டேக்கை அவ்வளவு சுலபத்தில் எழுத விடமாட்டார். "தம்பி, பொய் எழுதணும்னு பைலட்டுக்கு என்ன வேண்டுதலா? மேல போய்க் காட்டினது, கீழே உனக்குக் காட்டலை. காட்ட வை."

காட்ட வைப்பதுதான் தொழில். ஒவ்வொரு பயணத்திலும் பெட்டி சூடாகிறது, குளிர்கிறது, அதிர்கிறது. பாகங்களைப் போர்டோடு இணைக்கும் உலோகப் பற்றான சால்டர் ஒரு அளவு விரியும், அது பிடித்திருக்கும் உலோகக் கால், அதாவது பின், வேறு அளவு விரியும். வருடக்கணக்கில் இந்த இழுபறி நடந்து மயிரிழை விரிசல் விழுகிறது. போர்டைத் திறந்து, ஃப்ரீஸ் ஸ்ப்ரே அடித்து, சூடான காற்றைக் காட்டி, பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் தட்டுவோம். மீட்டரில் முள் ஒருமுறை துள்ளினால் போதும். பிறகு மைக்ரோஸ்கோப். நேராக வெளிச்சம் விழுந்தால் விரிசல் தெரியாது; விளக்கைச் சாய்த்தால் பின்னைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் தெரியும்.

2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் புறப்பட்ட ஏர் ஏசியா 8501 விமானத்தில் இருந்த 162 பேரும் இறந்தார்கள். வால் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் ரடர் டிராவல் லிமிட்டரின் போர்டில் சால்டர் விரிசல் இருந்ததாக விசாரணை அறிக்கை சொன்னது. அந்த விரிசல் மட்டுமே விமானத்தை வீழ்த்தவில்லை; விட்டு விட்டு வந்த எச்சரிக்கையை நிறுத்த எடுத்த நடவடிக்கையில் ஆட்டோபைலட் விடுபட்டது, அதன்பின் விமானம் ஸ்டாலில் சிக்கியது, அதாவது இறக்கைகள் தாங்கும் விசையை இழந்தது; விமானிகளால் மீட்க முடியவில்லை. ஆனாலும் என் மனம் வேறொரு வரியில்தான் நிற்கிறது. முந்தைய 12 மாதங்களில் அதே பழுது 23 முறை பதிவாகியிருந்தது. ரீசெட் செய்தால் போய்விடும், டெஸ்ட் தேறும், கையெழுத்து விழும். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அவருக்கு நேரமும் வேண்டும். ஒரு பெட்டிக்கு இத்தனை மணி நேரம்தான் என்று கணக்குப் போடும் நிர்வாகங்களோடு எனக்கு ஓயாத சண்டை இதனால்தான்.

என்னிடம் வரும் பிள்ளைகள் பவர் கொடுக்குமுன் அந்த சீரியல் நம்பரின் பழைய கதை முழுவதையும் எடுத்துப் படிக்க வேண்டும். லாக் எழுதும் பைலட்டுகளிடமும் கேட்டுக்கொள்கிறேன்: 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். எந்த உயரத்தில், ஏறும்போதா இறங்கும்போதா, மழையிலா என்று எழுதுங்கள். முதலில் ஸ்ப்ரேயை எடுப்பதா, சூட்டைக் காட்டுவதா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.