காட்டா வளைவுகளில் கடன் வாங்கிய தண்ணீர்

செப்டம்பர் 9, 2024, திங்கள். ஜிஸ்பா

காலையில் நானும் மச்சானும் ஆளுக்கொரு பைக்கில் மணாலியிலிருந்து லடாக்கின் லே ஊருக்குக் கிளம்பினோம். அடல் சுரங்கத்துக்குள் நுழையும்போது தேவதாரு மரங்கள், ஒன்பது கிலோமீட்டர் கழித்து வெளியே வந்தால் பாதி மொட்டை மலை. தாண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்பிக்கொண்டோம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்கிறது அங்குள்ள பலகை.

"ஊர் பேரே தாண்டி. இதத் தாண்டுனா ஒண்ணுமில்லேங்கறான்" என்றார் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வண்டி புல்லட், இஞ்சினைக் காற்றே ஆற்றும். என்னுடையது 400 சிசி, இஞ்சினைத் தண்ணீர் கலந்த திரவத்தால் ஆற்றும் ரேடியேட்டர் வைத்தது. கோவையில் ரயிலில் பார்சல் போட்ட நாளிலிருந்து ஒரே கிண்டல்தான். "காத்து சும்மா கெடைக்குதுங்க மாப்ள. நீங்க எதுக்குத் தண்ணியத் தூக்கிட்டுச் சுத்தறீங்க?"

லேசாகத் தலைவலி. நாளை வழியில் இருக்கும் பாங் கூடாரங்களில் தங்கல்.

செப்டம்பர் 10, செவ்வாய். பாங், இரவு

விரல் விறைத்துப்போய் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது.

பாரலாச்சா கணவாயும் சர்ச்சுவும் நன்றாகவே கழிந்தன. மதியம் காட்டா வளைவுகள். ஒரே மலைச்சரிவில் 21 கொண்டை ஊசி வளைவுகள், கீழிருந்து பார்த்தால் மேலே போகும் லாரிகள் எறும்பு வரிசை. பாதிக்கு மேல் ஏறியிருப்போம். எனக்கு முன்னால் ஒரு லாரி. அதன் பின்பக்க இரட்டை டயருக்கு நடுவில் சிக்கியிருந்த கல் ஒன்று விடுபட்டு வந்து எங்கேயோ 'டக்'. காலில் படவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வளைவு போனதும் ஒரு வாசனை. பின்னால் வந்த மச்சான் ஹாரன் அடித்துப் பக்கத்தில் வந்தார். "மாப்ள, ஆலைக்கொட்டாய்ல பாகு காயற மாதிரி வாசம் வருதுங்க."

வலது பூட்ஸ் முழுக்கப் பச்சையாக நனைந்திருந்தது. ரேடியேட்டரில் ஓடும் அந்தத் திரவம், கூலண்ட். அதில் இருக்கும் கிளைகால் சூட்டில் அப்படித்தான் இனிப்பாக மணக்கும். விஷம் என்று தெரியாமல் நாய்கள் நக்குவதும் அந்த இனிப்புக்காகத்தான். மீட்டரில் சூடு காட்டும் கட்டைகளில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. உடனே அணைத்தேன்.

ஊரில் கிளம்பும் முன் ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டும் கம்பி வலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தக் காசுக்கு ஒரு ஜோடி பனிவிளக்கு வாங்கியவன் நான். இதுவரை பனிமூட்டம் வரவில்லை.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிறகு துணி போட்டுத் திறந்து பார்த்தால், ஒன்றரை லிட்டரில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். அதைக் கீழே இருக்கும் போல்ட்டைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டோம். காயம், வலது பக்கம் அடியில், பட்டைக்குழாய் ஒன்றில் நெல்மணி நீளக் கீறல். சுற்றியிருந்த அலுமினியத் தகடுகள் மடங்கிக் கிடந்தன.

இதற்கு வழி எனக்குத் தெரியும், செய்து பார்த்ததில்லை. அந்த ஒரு குழாயைக் கொன்றுவிட வேண்டும். சுற்றியுள்ள தகடுகளை நோஸ் பிளையரால் பிய்த்து எடுத்து, கீறலுக்கு இரண்டு பக்கமும் குழாயை நசுக்கி, மேலே எம்-சீல் என்ற பிசைந்து ஒட்டும் பசையை அப்பி மூடிவிடுவது. ஒரு குழாய் போனால் குளிரூட்டும் சக்தி கொஞ்சம்தான் குறையும், மற்றவை பார்த்துக்கொள்ளும். லேத்காரர் கை என்பதால் அந்த வேலையை மச்சானே செய்தார். மணல்தாளால் தேய்த்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, பளபளவென்று உலோகம் தெரியும்வரை விடவில்லை.

எம்-சீல் பாக்கெட்டைப் பிரித்தால் குளிரில் இரண்டு உருண்டையும் கல். அழுத்தினால் நகம்தான் வலித்தது. ஆளுக்கு ஒன்றாக அக்குளில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கைகட்டி நின்றோம். அந்த வழியாகப் போன வெளிநாட்டுக்காரர் இருவர் நாங்கள் வழிபடுகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும், தலைகுனிந்துவிட்டுப் போனார்கள். அப்புறம் உருட்டிப் பிசைந்தோம். கறுப்பும் வெள்ளையும் கலந்து ஒரே சாம்பல் நிறமாகும்வரை பிசைய வேண்டும். ஒரு கோடு தெரிந்தாலும் அந்த இடம் இறுகாது.

ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். இங்கே காற்று அடிக்கிற அடியில் ராத்திரி வரை ஆகும்போல் இருந்தது. மச்சான் புல்லட்டைத் தள்ளிவந்து, சைலன்சர் வாய் என் ரேடியேட்டரைப் பார்க்கும்படி இரண்டடி தள்ளி நிறுத்தி, உதைத்து ஓடவிட்டார். தடதடவென்று இருபது நிமிடம், ஓய்வு, மறுபடி இருபது நிமிடம். இனி ஆயுளுக்கும் இதைச் சொல்லிக் காட்டுவார்.

இறுகிவிட்டது, சரி. தண்ணீர்? எங்களிடம் குடிக்க இருந்ததே ஒரு பாட்டில். 4,600 மீட்டர் உயரத்தில் குடிதண்ணீரை இயந்திரத்துக்கு ஊற்றுவது புத்திசாலித்தனம் இல்லை.

அங்கேதான் அந்தக் கல்மாடம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் பழுதான லாரிக்குக் காவலாக விடப்பட்ட கிளீனர் பையன் ஒருவன் பனியில் தாகத்தோடு செத்துப்போனதாகவும், பிறகு வழிப்போக்கர்களிடம் தண்ணீர் கேட்டதாகவும் சொல்கிறார்கள். அதனால் போகிறவர்கள் பாட்டிலும் சிகரெட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள். நூற்றுக்கணக்கான பாட்டில்கள். வெயிலில் வெளிறியவை, பாசி பிடித்தவை, சீல் உடைக்காதவை.

நான் குனிந்தேன். "மாப்ள, இருங்க" என்றார் மச்சான். செருப்பைக் கழற்றுவதுபோல் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு முன்னால் போய் நின்றார். கருப்பராயன் கோயிலில் பேசுகிற அதே குரல். "சாமி, ரெண்டு பாட்டல் கடனா எடுத்துக்கறோம். திரும்பி வர்றப்பக் குடுத்தர்றோம்." பத்து ரூபாய் நாணயம் ஒன்றை அடகாக ஒரு கல்லுக்கு அடியில் வைத்தார். எனக்குப் பேய் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் யாரிடமோ அனுமதி கேட்டது நிம்மதியாகத்தான் இருந்தது.

மேலே வந்த லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் தளர்த்தி விடு, அழுத்தம் குறைந்தால் ஒழுகாது என்றார். சமவெளியில் அது நல்ல யோசனை. இந்த உயரத்தில் திறந்த தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். என் வண்டியில் ஃபேன் சுற்றத் தொடங்குவதே 100 டிகிரியை ஒட்டித்தான். மூடி இறுக்கமாக இருந்து உள்ளே அழுத்தம் ஏறினால்தான் அதுவரை கொதிக்காமல் தாங்கும். தளர்த்தினால் ஃபேன் விழிக்கும் முன்பே எல்லாம் ஆவி. ஆகவே இறுக்கியே மூடினேன்.

ஒரு தப்புச் செய்தோம், அதையும் எழுதிவைக்கிறேன். திரும்பி சர்ச்சுவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பாதித் தூரம் இஞ்சினை அணைத்துவிட்டே உருண்டு போயிருக்கலாம். ஆனால் பட்டறை இருப்பது லேயில், லே இருப்பது முன்னால் என்று புது ஒட்டோடு இரண்டு கணவாய் ஏறினோம். நக்கீ லா தாண்டியதும் மறுபடி சொட்டு. இரண்டாவது பாட்டிலும் உள்ளே போனது. லாச்சுங் லா 5,065 மீட்டர், அங்கே நின்று படம்கூட எடுக்கவில்லை. இருட்டில் பாங் கூடாரத்துக்கு வந்து விழுந்தோம்.

படுக்கும் முன் ஒரு வேலை. பேயின் தண்ணீர் இவ்வளவு கலந்தபின் உறையாமல் காக்கும் கிளைகால் கூலண்டில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். ராத்திரி உறைந்தால் இஞ்சினே பிளக்கும். எல்லாவற்றையும் வடித்துக் கூடாரத்துக்குள் வைத்தேன். சும்மா பார்க்கலாம் என்று ஒரு டம்ளரில் அந்தக் கலவையையும் இன்னொன்றில் வெறும் தண்ணீரையும் ஊற்றி, நாய் எட்டாத உயரத்தில் வெளியே வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, புதன். பாங்

தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தாலும் விழவில்லை, கட்டி. கலவை, கரும்புச்சாற்றில் ஐஸ் தூள் போட்ட மாதிரி நொசநொசவென்று இருந்தது. வடித்தது நல்லதாயிற்று.

இன்று முழுக்க இங்கேதான். ரேடியேட்டரையே கழற்றினோம். கூடாரம் நடத்தும் அம்மா, பாத்திரம் கழுவும் பெரிய அலுமினியச் சட்டியைக் கொடுத்தார். ஒரு முனையைத் துணியால் அடைத்து, மறுமுனையில் ஹோஸை வைத்து நான் ஊத, பஞ்சர் கடை மாதிரி தண்ணீரில் முக்கிப் பார்த்தோம். இந்த உயரத்தில் நாலு ஊது ஊதினால் கண்ணில் பூச்சி பறக்கிறது. ஒட்டின் மேல் ஓரத்தில் கடுகு அளவில் குமிழி வரிசை. மேல்பக்கம் குழாய் சரியாக நசுங்கவில்லை. மச்சான் தன் வேலையில் குறை என்பதால் அரைமணி நேரம் யாரோடும் பேசவில்லை.

டீ குடிக்க வந்த சாலைப்பணி டிப்பர் டிரைவர் மஞ்சள் தூள் போடச் சொன்னார். கூடாரத்து அம்மா டப்பாவையே எடுத்து வந்துவிட்டார். நம் ஊர் லாரிக்காரர்களும் செய்கிற வைத்தியம்தான், தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். பழைய லாரியின் பித்தளை ரேடியேட்டருக்கு அது தாங்கும். என் வண்டியின் குழாய்கள் உள்ளே ஈர்க்குச்சி கனம்கூட இருக்காது. ஓட்டையை அடைக்கும் முன் நல்ல குழாயை அடைத்துவிடும் என்று மறுத்தேன். "மஞ்சளயே வேண்டாங்கறீங்களே" என்று மச்சான் முணுமுணுத்தார். அம்மா அந்த மஞ்சளைப் பருப்பில் போட்டார்.

சோப்பு வைத்து அடைக்கும் யோசனையும் வந்தது. அது பெட்ரோல் டேங்குக்கு. பெட்ரோலில் சோப்பு கரையாது. தண்ணீரில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஒட்டைச் சுரண்டி, குழாயை இரண்டு பக்கமும் மடித்தே நசுக்கி, மண்ணெண்ணெய் கேனை அடைக்க அம்மா வைத்திருந்த எம்-சீலில் பாதியை வாங்கி அப்பினோம். கூடார நடுவில் எரியும் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் ரேடியேட்டரைத் துண்டு போட்டுப் படுக்கவைத்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் நோயாளியை விசாரிக்கிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இவ்வளவு தூரம் வந்து மாட்டினால் தமிழ் பேசும் ராணுவவீரர் ஒருவர் வந்து உதவ வேண்டும், கதையென்றால் அப்படித்தான். யாரும் வரவில்லை. சாலைபோடும் ஆட்கள்தான் வந்தார்கள். ஜார்க்கண்டில் தும்கா பக்கமாம். ஆறு மாதம் இந்தக் குளிரில் கல் உடைத்துவிட்டு ஊர் திரும்புவார்களாம். ஒரு நாள் மாட்டிக்கொண்டதற்கு இவ்வளவு புலம்புகிறேன்.

செப்டம்பர் 12, வியாழன். லே

வந்துவிட்டோம். மோரே சமவெளியில் மணிக்கு நாற்பதுக்கு மேல் போகவில்லை. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த உலோகத்தைத் தொடுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று தெரியாது. தங்லங் லா, 5,328 மீட்டர், ஏறும்போது மட்டும் ஒரு கட்டை கூடியது, இறக்கத்தில் குறைந்தது.

செப்டம்பர் 14, சனி. லே

பட்டறைக்காரர் ஒட்டை நகத்தால் தட்டினார். வெல்டிங் வைக்கலாமா என்றேன். பிசின் ஊறிய அலுமினியத்தில் வெல்டிங் பிடிக்காது, சுரண்டினால் பக்கத்துக் குழாயும் போகும், தொடாதே என்றார். உள்ளே கழுவி, புதுக் கூலண்ட் ஊற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான். அவருடைய ஆள் "யார் ஒட்டியது?" என்று கேட்டதை மச்சான் மூன்று முறை சொல்லிவிட்டார்.

இரும்புக்கடையில் சல்லடைக் கம்பி வாங்கி ரேடியேட்டருக்கு முன்னால் கட்டியாயிற்று. கோழிக்கூண்டு மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 18, புதன். ஜிஸ்பா

ஸ்ரீநகர் வழியாகத் திரும்பலாம் என்றேன். "கடன் இருக்குதுங்க" என்றார் மச்சான், பேச்சு முடிந்தது.

காட்டா வளைவுகளில் நல்ல வெயில். லேயில் வாங்கிய நாலு பாட்டில், இரண்டு அசல், இரண்டு வட்டியாம். பாட்டிலை அங்கே வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் குப்பை ஏற்கெனவே மலையாகக் கிடக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஊற்றிக் கல்லின் மேல் விட்டார். காற்று பாதியை என் முகத்தில் அடித்தது. காலி பாட்டில்களைப் பையில் திணித்துக்கொண்டோம்.

பத்து ரூபாய் நாணயம் அதே கல்லுக்கு அடியில் இருந்தது. எடுத்துச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வண்டியை எடுக்கும் முன் கோழிக்கூண்டுக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. திக்கென்றது. முகர்ந்தேன், வாசனை எதுவும் இல்லை. அவர் ஊற்றிய தண்ணீர்தான், காற்றில் வந்து தெறித்திருக்கிறது.