பேரிடர் நேரத்தில் ஹாம் ரேடியோ: பேசும் முறை, அனுப்பும் முறை

ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் பெற்ற தனிநபர்கள் நடத்தும் அமெச்சூர் வானொலியில், ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேரிடர் கால விதிகள் பெரும்பாலும் இதிலிருந்து வந்தவைதான். செட்டைப் போட்டதும் சில நிமிடம் கேளுங்கள். நெட்டை (ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நிலையங்களின் குழுவை) நடத்தும் கட்டுப்பாட்டு நிலையம் எது, என்ன செய்தி ஓடுகிறது என்று புரியட்டும். அந்த நிலையம் விவரம் கேட்கும்போது அழைப்புக்குறியையும் (உங்கள் நிலையத்தின் அடையாளக் குறியையும்) இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டு, மறுபடி கூப்பிடும்வரை அமைதியாக இருங்கள். யாரும் கேட்காமல் "எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை" என்று சொல்வதும் இடையூறுதான். உயிருக்கு ஆபத்தான செய்தி இருந்தால் மட்டும், இடைவெளி கிடைத்ததும் "எமர்ஜென்சி" என்று சொல்லி அழைப்புக்குறியைக் கொடுங்கள். அந்த இடைவெளி கிடைக்க வேண்டுமென்றால், மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் 2 விநாடி விட்டுத்தான் பேசும் பொத்தானை அழுத்த வேண்டும்.

அழுத்தியதும் பேசிவிடாதீர்கள். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) திறக்கச் சற்று நேரம் பிடிக்கும். முதல் அசை வெட்டுப்படும். "அறுபது பேர்" என்றதில் முதல் எழுத்து போனால், கேட்பவருக்கு அது இருபதா அறுபதா என்று தெரியாது. அரை விநாடி பொறுத்து, "அறுபது, ஆறு பூஜ்ஜியம்" என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லுங்கள்.

செய்தியை எழுதாமல் அனுப்பவே கூடாது. வரிசை எண், முன்னுரிமை, புறப்பட்ட நிலையம், சொற்களின் எண்ணிக்கை, நேரம், தேதி, பெறுபவர், வாசகம், அனுப்பியவர் பெயர், பொறுப்பு எல்லாம் தாளில் இருக்க வேண்டும். நேரம் உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமான யு.டி.சி.யா என்பதையும் குறியுங்கள். வாசகம் 25 சொற்களுக்குள் இருந்தால் நல்லது. வாங்குபவர் சொற்களை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை ஒத்துப்போன பிறகே "பெற்றேன்" என்று சொல்ல வேண்டும். மருத்துவர் "இன்சுலின் 40 குப்பி" என்று எழுதியிருந்தால் அதை "மருந்து வேண்டும்" என்று சுருக்க நமக்கு உரிமையில்லை. என் பார்வையில் மிகப் பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது: நல்லெண்ணத்தில் ஆபரேட்டர் செய்தியைத் "தெளிவாக்குவது".

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வதேச வானொலி விதிகளின் 25ஆம் பிரிவு 2003இல் ஜெனீவா மாநாட்டில் திருத்தப்பட்டது. அதன்படி மூன்றாம் நபருக்காக நாடு கடந்து செய்தி அனுப்ப அவசரநிலையிலும் பேரிடர் உதவியிலும் மட்டுமே இடம் உண்டு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யும். பொருளை மறைக்கும் சங்கேதம் கூடாது. ஆகவே நீங்கள் சொல்வதை யாரும் கேட்கலாம். இறந்தவர்களின் பெயரைக் காற்றில் விடாதீர்கள். குடும்பத்துக்கு அது அப்படித் தெரியவரக் கூடாது. ஆபத்தில் சிக்கிய நிலையம் கையில் உள்ள எந்த வழியிலும் உதவி கேட்கலாம், அதற்கு உதவும் நிலையமும் எந்த வழியையும் பயன்படுத்தலாம் என்று அதே வானொலி விதிகளின் 4.9 சொல்கிறது. ஆனால் அதைக் காட்டி, இந்த இரண்டிலும் சேராதவர் காவல்துறை அலைவரிசைக்குள் நுழைய முடியாது.

உலகளவில் அவசரத் தொடர்புக்கான மைய அலைவரிசைகள் 14,300, 18,160, 21,360 கிலோஹெர்ட்ஸ். அங்கே அவசரத் தொடர்பு நடந்தால் சில கிலோஹெர்ட்ஸ் தள்ளியே இருங்கள். ஆனால் 150 கிலோமீட்டரில் உள்ள ஊரை 14 மெகாஹெர்ட்ஸில் பிடிக்கப் பார்ப்பது பெரும்பாலும் வீண். அலை அந்த ஊரைத் தாண்டித்தான் இறங்கும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். பக்கத்துக்கு 10 மீட்டராக இருபுறமும் கம்பி இழுத்த டைபோல் ஆன்டெனா, தரையிலிருந்து 3 முதல் 5 மீட்டர் உயரம் போதும். அலை மேலே போய்ச் சுற்றுவட்டாரத்திலேயே திரும்பி விழும். இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊர்களைக் கைவிட்டால் 3.5க்கு இறங்குங்கள்.

கடைசியாக மின்சாரம். 100 வாட் செட் அனுப்பும்போது உச்சத்தில் 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கம்பியின் தடை 0.05 ஓம் என்றால் 1 வோல்ட் அங்கேயே போய்விடும். பேட்டரியில் 12.2 இருந்தும் செட்டுக்கு 11.2தான் கிடைக்கும், பல செட்டுகள் 11.7க்குக் கீழே குரலைச் சிதைக்கும், அல்லது அணைந்துவிடும். பேட்டரி தீர்ந்தது என்று நினைப்பவர்கள் பலருக்கும் பிரச்சினை மெல்லிய கம்பியில்தான். தடித்த கம்பி போடுங்கள், 25 வாட்டுக்குக் குறையுங்கள். எதிர்முனையில் இழப்பு 6 டெசிபெல், சிக்னல் வலிமை காட்டும் மீட்டரில் ஒரே ஒரு எஸ் அலகு. இழுக்கும் மின்னோட்டமோ ஏறத்தாழப் பாதியாகிவிடும்.