பலாக் கட்டையும் என் அவசரமும்

2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நான் அப்போது புதுச்சேரி அருகே ஒரு மரப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆர்டர் பிடிப்பதும் என் வேலைதான். மரத்தைப் பலகையாக அறுக்காமல், வளைவும் முடிச்சும் அப்படியே தெரிய, முழுக் கட்டையிலேயே பெஞ்சும் மேசையும் செய்யும் பட்டறை அது.

விறகு விலைக்குப் பலா கிடைக்கிறது என்றதும் முதலாளி இரண்டு லாரி வாங்கிப் போட்டார். ஏற்றும்போது மரத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சில்லறையை எண்ணிக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பலாவை அறுத்ததும் உள்ளே மஞ்சள் அரைத்துப் பூசிய மாதிரி இருக்கும். நாளாக ஆகச் செம்பழுப்பாக மாறும். மிருதங்கத்துக்கும் வீணைக்கும் இதைத்தான் தேடி வருவார்கள். எங்கள் மேஸ்திரி இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் பட்டையை உரிப்பார், பால் பிசுபிசுக்காமல் இருக்கக் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு. வெளிப்புறத்து வெள்ளைக் கட்டையைப் பூச்சி அரிக்கும் என்று அதையும் முடிந்தவரை செதுக்கிவிடுவார். அப்புறம் இரண்டு முனைகளிலும் மெழுகு பூசுவார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

மே மாதம் சென்னையில் ஓர் அலுவலகத்தின் வரவேற்பறைக்கு ஏழு அடி பெஞ்சு கேட்டார்கள். “பச்சை மரம் தம்பி, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் ஆறணும்” என்றார் மேஸ்திரி. அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. முதலாளியிடம் பேசி நான்தான் சம்மதிக்க வைத்தேன். அதோடு விட்டேனா? மரத்தின் வளையங்கள் தெரிந்தால் அழகு என்று முனை மெழுகையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன்.

நான்காவது வாரம் போன் வந்தது. ராத்திரி வெடி வெடித்த மாதிரி சத்தம், காவலாளி பயந்துபோய் விளக்கைப் போட்டுப் பார்த்தால் பெஞ்சு ஒரு முனையிலிருந்து பாதி நீளத்துக்குப் பிளந்திருக்கிறது.

மேஸ்திரியோடு நானும் போனேன். பிளவுக்குள் என் சுண்டுவிரல் நுழைந்தது. திட்டுவார் என்று பார்த்தால், வகுப்பு எடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். மரம் நீளவாக்கில் சுருங்காது. மையத்திலிருந்து பட்டைப் பக்கமாகச் சுருங்குவதைவிடச் சுற்றளவில் இரண்டு மடங்கு சுருங்கும். நடுத்தண்டு உள்ளேயே இருக்கும் உருண்டைக் கட்டை எங்கேயாவது பிளந்துதான் ஆக வேண்டும். ஈரம் முனை வழியாகத்தான் சீக்கிரம் வெளியேறும், அந்த வழியை அடைத்து வைத்ததுதான் மெழுகு. ராத்திரி பகலாக ஓடும் ஏசி மிச்சத்தைச் செய்துவிட்டது.

மக்கு வைத்து அடைத்துவிடலாமா என்றேன். மரம் இன்னும் காயும், மக்கு உதிர்ந்து அசிங்கமாகும் என்றார். காய்ந்த கருவேலத்தில் இடை சிறுத்த உடுக்கை வடிவத்தில் மூன்று துண்டுகள் செதுக்கினார். பிளவுக்குக் குறுக்கே அதே வடிவில் உளியால் பள்ளம் எடுத்துக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கினார். பிளவு அப்படியே தெரிந்தது, ஆனால் இனி அகலாது. அன்றைய கூலியை என் சம்பளத்தில் பிடித்தார்கள். நியாயம்தான்.

பட்டறையில் மிச்சமிருந்த கட்டைகளின் அடிப்பக்கத்தில், நீளவாக்கில் நடுத்தண்டு வரை ரம்பத்தால் ஒரு வெட்டு போட்டு வைத்தார். “பிளவு வரத்தான் போவுது. எங்க வரணும்னு நாம சொல்லிடணும்.” அந்தக் கட்டைகளை 2015 வரை நான் யாருக்கும் காட்டவே இல்லை. கேட்டவர்களிடம் தேக்குப் பலகை மேசையின் படத்தை நீட்டினேன்.

போன வருஷம் வேறு வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போனேன். பெஞ்சு செம்பழுப்பேறி அங்கேயே கிடந்தது. பிளவில் காவலாளி தன் பேனாவைச் செருகி வைத்திருந்தார்.