விரிஞ்சிபுரம் கோபுரத்துக்குள் ஒரு ஒப்பந்தம்

விரிஞ்சிபுரம் என்றால் மதிலழகு என்பார்கள். வேலூரில் வளர்ந்த எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு கல்வெட்டுக்காக.

பெங்களூர் ரோட்டில் செதுவாலையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பாலாற்றில் வழக்கம்போல மணல். மார்க்கபந்தீசுவரர் கோயில் மதில் நிஜமாகவே அழகுதான், அதற்கு மேல் வர்ணிக்க எனக்கு வராது.

கோபுரத்துக்குள் சுவரோரம் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். நேராக அடித்தால் கல் வெறுமையாகத் தெரியும். பக்கவாட்டில் அடித்தால்தான் வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து மேலே வரும். கிரந்தம் கலந்த தமிழ். நானாகப் படித்தது நாலைந்து சொல்தான். மீதிக்கு, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலிருந்து எடுத்துப்போன பிரதி உதவியது.

சக ஆண்டு 1347, விசுவாவசு வருடம், பங்குனி மாதம். நம் கணக்கில் 1426 தொடக்கம். விஜயநகரத்தில் தேவராயர் ஆட்சி. அந்தப் பேரரசின் ஒரு மாகாணமான படைவீட்டு ராஜ்யத்து மகாஜனங்கள் கோபிநாதப் பெருமாள் சன்னதியில் கூடி ஒரு சமயபத்திரம், அதாவது ஒப்பந்தம், எழுதிக்கொள்கிறார்கள். கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்று எந்தப் பிராமணராக இருந்தாலும் இனி கல்யாணம் கன்னிகாதானமாகத்தான், அதாவது பெண்ணுக்குப் பொன் வாங்காமல்தான், நடக்க வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுத்தவன், பொன் கொடுத்துக் கட்டியவன் இருவருக்குமே அரச தண்டனை, சாதியிலிருந்தும் விலக்கு.

எனக்குப் பிடித்தது இதுதான்: இது ராஜா இறக்கிய உத்தரவு இல்லை. கட்டுப்படப் போகிறவர்களே கூடிப் பேசி விதி எழுதியிருக்கிறார்கள். ராஜா வருவது தண்டனைக்கு மட்டும். உத்திரமேரூர் குடவோலையை வாட்ஸப்பில் சுற்றவிட்டு ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்று மார்தட்டுபவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம். மார்தட்டத்தான் முடியாது. அங்கே குடத்தில் பெயர் விழுவதற்கே நிலமும் வேதப் படிப்பும் வேண்டும்; இங்கே கூடியது ஒரே சாதி. ஆனால் ஊர் கூடி முடிவெடுக்கிற பழக்கத்தை யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை என்பதும் இந்தக் கல்லில் இருக்கிறது.

படித்துக் காட்டினேன்.

“வாங்கினவனுக்கும் தண்டனை, கொடுத்தவனுக்கும் தண்டனையா? பரவாயில்லையே” என்றார் அத்தை. அப்புறம், “அந்தக் கூட்டத்துல பொண்ணுங்க யாராவது இருந்தாங்களா?”

“இல்லை போலத்தான் இருக்கு.”

“ம்க்கும். எனக்கு இருபது சவரன் பேசினப்போ என்னைக் கேட்டா பேசினாங்க?”

பதில் சொல்லத் தெரியாமல், உள்ளே இருக்கும் மணி காட்டும் கல்லுக்குக் கூட்டிப்போனேன். அத்தை எங்கிருந்தோ ஈர்க்குச்சி ஒன்றைத் தேடி எடுத்துப் பள்ளத்தில் வைத்தார். நிழல் பதினொன்றைத் தாண்டியிருந்தது. என் மொபைலில் 11.20.

“சரியாத்தான் காட்டுது” என்று குச்சியை அடுத்து நின்ற பையனிடம் கொடுத்துவிட்டு, வெளியே முள்ளுக் கத்திரிக்காய் விற்ற அம்மாவிடம் பேரம் பேசப் போய்விட்டார்.