ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து அவுட்பேக் (உள்நாட்டு பொட்டல்காடு), மியூசியம் மியூசியமா

ஜூலை 1, பார்கல்டைன்
ட்ரீ ஆஃப் நாலெட்ஜ் ரயில்வே ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு. இப்ப பட்ட மரம் தான், 2006ல எவனோ விஷம் ஊத்திட்டான். 1891ல ஆட்டு ரோமம் வெட்டுற தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணப்ப இதுக்கடில தான் கூடுவாங்களாம், லேபர் கட்சி கதையவே இங்கேருந்து தான் ஆரம்பிக்கிறாங்க. மேல பூரா மரக்கட்டையா தொங்கவிட்டு கூரை போட்ருக்காங்க, காத்தடிச்சா ஒண்ணோடொண்ணு தட்டிக்குது.

ஜூலை 3, லாங்ரீச்
ஸ்டாக்மேன்ஸ் ஹால் ஆஃப் ஃபேம், பண்ணைல மாடு மேச்சவங்களுக்கான மியூசியம். 1988ல எலிசபெத் ராணி வந்து திறந்தது. சேணம், சாட்டைன்னு பசங்களுக்கு அரை மணி நேரத்துல போரடிச்சிருச்சு. சம்பளமில்லாம வெறும் ரேஷனுக்கு மாடு மேச்ச அபாரிஜினல் ஆளுங்க, அதாவது இந்த நாட்டு பூர்வகுடிங்க, எத்தனையோ பேர், அவங்க கதைய இன்னும் நிறைய வெக்கலாம்னு எனக்கு தோணுச்சு.

மத்தியானம் குவாண்டாஸ் ஏர்லைன்ஸ் மியூசியம். பொட்டல்காட்டு நடுவுல முழுசா ஒரு 747 ஜம்போ ப்ளேன் நிக்குது, பெரியவன் வாய மூடல. எனக்கு புடிச்சது 1922 கதை தான், குவாண்டாஸோட முதல் பாசஞ்சர் அலெக்ஸாண்டர் கென்னடிக்கு அப்ப 84 வயசு, இங்கேருந்து க்ளோன்கரி வரைக்கும் தொறந்த ப்ளேன்ல ஜாலியா போயிருக்கார்.

ஜூலை 4, வின்டன்
டைனோசர் எலும்பு, 9 கோடி வருஷத்துக்கும் மேல பழசாம். சின்னவளுக்கு ஒரே கொண்டாட்டம், எனக்கு ஈ ஓட்டவே நேரம் சரியா இருந்துச்சு.

ஜூலை 6, க்ளோன்கரி
வழில ரோட் ட்ரெயின் (வரிசையா ட்ரெய்லர் கோத்த லாரி) ஒண்ண ஓவர்டேக் பண்றதுக்குள்ள இவருக்கு வேர்த்துருச்சு, சிலது 50 மீட்டருக்கு மேல நீளம்.

ஜான் ஃப்ளின் ப்ளேஸ் மியூசியம். ப்ளேன்ல டாக்டர் போய் வைத்தியம் பாக்குற ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் 1928ல இந்த ஊர்லேருந்து தான் பறக்க ஆரம்பிச்சுது, ப்ளேன் குவாண்டாஸ் கிட்ட வாடகைக்கு எடுத்தது. கரண்ட் இல்லாத பண்ணைங்களுக்காக ட்ரேகர்னு ஒருத்தர் 1929ல பெடல் ரேடியோ பண்ணி குடுத்தார், கால்ல மிதிச்சா கரண்ட் வரும், கையால மோர்ஸ், அதாவது தந்தி பாஷை, அடிக்கணும்.

மாமா ஆளே மாறிட்டார். ரிட்டயர் ஆகுற வரைக்கும் தந்தி ஆபீஸ்ல இருந்தவராச்சே. லஞ்ச்ல ஸ்பூன வெச்சு டேபிள்ல கட கட கடன்னு தட்டி பேத்தி பேர மோர்ஸ்ல அடிச்சு காட்டுனார், அப்புறம் ஜிம்மி டார்சி கதைய அவளுக்கு சொன்னார். 1917ல ஹால்ஸ் க்ரீக்னு ஒரு ஊர்ல குதிரைலேருந்து விழுந்த ஆளு, டாக்டர் இருக்கறதோ ரொம்ப தூரத்துல பெர்த்ல, அவர் தந்தில சொல்லச்சொல்ல போஸ்ட்மாஸ்டர் பேனாக்கத்தியால ஆபரேஷன் பண்றார், மயக்க மருந்தும் கிடையாது. டாக்டர் கப்பல் புடிச்சு கார் புடிச்சு வந்து சேர்ந்தா, முந்தின நாள் தான் அந்த ஆள் செத்துப்போயிருக்கார். "அந்த போஸ்ட்மாஸ்டர் கை நடுங்கிருக்கும்ல தாத்தா?"ன்னா இவ. "நடுங்குனா மெசேஜ் தப்பாயிடும்டி, கை நடுங்காது, கால் தான் நடுங்கும்"னார் மாமா.

நாளைக்கு மவுண்ட் ஐசா. 1942ல சுரங்கத்து ஆளுங்களே குடைஞ்ச ஆஸ்பத்திரி ஒண்ணு பூமிக்கடில இருக்காம். 120 கிலோமீட்டர் தான், இந்த ஊர் கணக்குல அதெல்லாம் பக்கத்து தெரு.