திருகோணமலை வெக்கையில் வெள்ளை எலி வளர்ப்பு: எப்போது சேர்ப்பது, எப்போது பிரிப்பது

வெள்ளை எலி வளர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, எப்படிக் குட்டி போட வைப்பது என்பதைத்தான். அதை எலிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெண் எலிக்கு 4, 5 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். ஆணோடு ஒரே கூட்டில் விட்டால் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே சினை பிடித்துவிடும். வளர்ப்பவருக்குரிய வேலை, எப்போது சேர்க்கக்கூடாது என்று முடிவெடுப்பது. அதில் பாதியை எங்கள் ஊர்க் காலநிலையே சொல்லிவிடுகிறது.

எலிக்கு இதமான வெப்பம் 20 முதல் 26 பாகை செல்சியஸ். கச்சான் காற்று வீசும் மே தொடக்கம் செப்ரெம்பர் வரை இங்கே பகலில் 34, 35 பாகை சாதாரணம். சீற்றுக்கூரைக்குக் கீழே அதையும் தாண்டும். எலிக்கு மனிதரைப்போல வியர்க்காது. சூட்டில் ஒரு பங்கை வாலின் வழியாக வெளியே விடும். அது போதாவிட்டால் எச்சிலை உரோமத்தில் பூசிக்கொள்ளும். நெஞ்சும் தாடையும் நனைந்து, உடம்பை நீட்டிக் கிடக்கும் எலியைக் கண்டால் உடனே நிழலான இடத்துக்கு மாற்றி, வாலையும் பாதங்களையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். இரத்தக்குழாய் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும். மின்வெட்டு நேரத்துக்கென்று தண்ணீர் நிரப்பி உறையவைத்த போத்தல்கள் இரண்டைத் துணியில் சுற்றிக் கூட்டின் ஒரு மூலையில் வைத்தால், தேவைப்பட்ட எலி போய்ச் சாய்ந்துகொள்ளும்.

நீண்ட வெக்கையில் தாய்க்குப் பால் குறையும், ஆணுக்கு விந்து குறையும். விந்து முழுதாக உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் எடுப்பதால், வெக்கை தணிந்த பிறகும் சில வாரங்களுக்கு அந்தக் குறை தொடரும். ஒக்ரோபரில் சேர்க்கப்போகும் ஆண்களை ஓகஸ்ட் தொடக்கத்திலேயே வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றச் சொல்வது அதனால்தான்.

எங்கள் பரிந்துரை ஆண்டுக்கு இரண்டு ஈடு: பெப்ரவரி முதல் பாதியில் ஒருமுறை சேர்ப்பது, ஒக்ரோபர் முதல் வாரத்தில் மற்றொருமுறை. பெப்ரவரியில் சேர்த்தால் மார்ச் தொடக்கத்தில் குட்டி பிறக்கும், சித்திரை வருடப்பிறப்போடு பிரித்து முடித்துவிடலாம். ஒக்ரோபர் ஈடு மாரி மழைக்குள் வளரும். அது கஷ்டமான ஈடு, அளவாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அதை விட்டுவிட முடியாது. ஆண்டுக்கு ஒரு ஈடு மட்டும் என்றால், மார்ச்சில் பிறந்த பெண்ணுக்கு அடுத்த பெப்ரவரியில் 11 மாதமாகிவிடும். முதற்பேற்றுக்கு அது பிந்திய வயது. பிரசவம் சிக்கும், குட்டியும் குறையும். மூன்றரை மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில், உடம்பு 250 கிராமை எட்டிய பெண்ணுக்கு முதற்பேறு நடப்பதே நல்லது.

எத்தனை எலி வேண்டும்? ஓர் ஆணும் மூன்று பெண்களும் போதும் என்று சொல்வார்கள். அப்படி வெளியிலிருந்து எலி சேராத கூட்டத்தில், நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இனம்பெருகுவதால் வரும் உட்கலப்பு தலைமுறைக்கு ஏறக்குறைய 16.7 வீதம் கூடும். 4 ஆண், 8 பெண் என்றால் அது 4.7 வீதம்தான். ஆகவே நான்கு குடும்பமாகப் பிரியுங்கள்: ஒவ்வொன்றிலும் ஓர் ஆண், இரண்டு பெண். பெண் குட்டிகள் பிறந்த குடும்பத்திலேயே இருக்கட்டும். ஆண் குட்டியை அடுத்த குடும்பத்துக்கு நகர்த்துங்கள், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு, நான்காவதிலிருந்து திரும்ப முதலாவதுக்கு. எட்டுப் பெண்களையும் ஒரே ஈட்டில் சேர்க்காதீர்கள். ஒரு பேற்றுக்குப் பத்துக் குட்டி என்று கணக்குப் பார்த்தால் எண்பது! வளர்க்க ஆட்கள் இருக்கிறார்களா என்று முதலில் எண்ணிவிட்டு, அதற்கேற்ற அளவு பெண்களை மட்டும் சேர்ப்பதே முறை.

பெண்ணை ஆணின் கூட்டுக்குள் விடுங்கள், பத்து நாள் இருக்கட்டும். இரண்டு பருவம் கடந்துவிடும். சினைக்காலம் 21 முதல் 23 நாள். இரண்டாம் வாரக் கடைசியில் வயிறு பக்கவாட்டில் புடைப்பது தெரியும். தராசில் அதற்கு முன்பே தெரியும். பத்து நாள் கழிந்ததும் ஆணைப் பிரித்துவிட வேண்டும். குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் பெண்ணுக்கு மறுபடி பருவம் வருவதால், ஆண் உள்ளே இருந்தால் பாலூட்டும்போதே அடுத்த சினை தங்கிவிடும். அது தாயை உருக்கிவிடும்.

குட்டி போட்ட முதல் இரண்டு, மூன்று நாள் கூட்டைக் கலைக்க வேண்டாம். தாய் தண்ணீர் குடிக்க வெளியே வரும் நேரத்தில் மெல்ல எட்டிப் பாருங்கள். பிறந்த குட்டி 5, 6 கிராம்தான். தோல் கண்ணாடிபோல இருப்பதால் வயிற்றின் இடப்பக்கத்தில் வெள்ளைப் பட்டையாகப் பால் தெரியும். பட்டை இல்லாத குட்டி பால் குடிக்கவில்லை. தாய்க்கு 12 முலைக்காம்புகள். அதைவிட அதிகம் பிறந்தால், ஓரிரு நாள் வித்தியாசத்தில் குட்டி போட்ட இன்னொரு தாயிடம் சிலதை மாற்றலாம். புதுக் கூட்டின் படுக்கையால் குட்டியை மெல்லத் தடவிவிட்டு வையுங்கள். இதற்காகவே இரண்டு பெண்களை ஒரே வாரத்தில் சேர்ப்பது நல்லது. தாய் குட்டியைத் தின்றால் கோபப்பட வேண்டாம். தண்ணீர் தீர்ந்திருக்கும், சத்தம் இருந்திருக்கும், அல்லது குட்டி செத்தே பிறந்திருக்கும்.

எங்கள் பகுதியில் குட்டிகளுக்குப் பெரிய எமன் எறும்பு. கண் திறக்காத குட்டிகளை ஓர் இரவில் முடித்துவிடும். கூட்டை மேசையில் வைத்து நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். மேசை சுவரில் முட்டக்கூடாது, துணி தொங்கக்கூடாது. ஆனால் அந்தக் கிண்ணத்தில் நுளம்பு முட்டையிடும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்று மறந்திருக்கமாட்டீர்கள். வெறுந்தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் படரவிட்ட சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, வாரம் ஒருமுறை கிண்ணத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் வேண்டாம்; ஆவி எலியின் சுவாசப்பைக்குக் கூடாது. எறும்பு மருந்துத் தூளும் அப்படித்தான்.

சுவாசப்பைதான் எலியின் பலவீனம். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி ஏறக்குறைய எல்லா வளர்ப்பு எலியிலும் அடங்கிக் கிடக்கும். சிறுநீரின் அமோனியா அதைக் கிளப்பிவிடும். தும்மல், கண்ணோரத்தில் சிவப்பு நீர், பிறகு மூச்சில் கிறீச்சென்ற சத்தம் என்று வரும். கண்ணில் தெரிவது இரத்தம் அல்ல, உடம்பு நலிந்தால் சுரக்கும் நிறப்பொருள். நான்கு எலி இருக்கும் கூட்டின் படுக்கையை வெயில் நாளில் வாரம் இருமுறை, மழை நாளில் மூன்றுமுறை மாற்றுங்கள். மூக்கை வைத்துப் பார்க்கும்போது உங்களுக்கே நெடி அடித்தால் எலிக்கு அது எப்போதோ அதிகமாகிவிட்டது. உமி தூசு; மரக்காலைத் தூளும் தூசு, மருந்தடித்த பலகையாகவும் இருக்கலாம். கிழித்த பத்திரிகைத் தாள்தான் மலிவும் பாதுகாப்பும். தாய்க்கு ரிஷ்யூத் தாள் கூடு கட்டக் கொடுங்கள். நூல் பிரியும் துணி குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும். கூட்டின் தரை கம்பியாக இருக்கவேண்டாம், பாதத்தில் புண் வரும். பக்கவலை கால் அங்குலம். அரை அங்குல வலைக்குள் மூன்று வாரக் குட்டி நழுவிவிடும்.

வளர்ந்த எலி நாளுக்கு 15 முதல் 25 கிராம் வரை தின்னும். பாலூட்டும் தாய் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. குரக்கன், தவிட்டு அரிசி, அவித்த பயறு, வாரம் இருமுறை அவித்த முட்டை, உப்புப் போக ஊறவைத்த நெத்தலி. கோழித்தீன் வாங்கினால் மருந்து கலக்காதது என்று பையில் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் கச்சான் கடலையும் சோளமும் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் சந்தேகமான தீன் போடவே கூடாது. தண்ணீர்ப் போத்தலின் முனைக் குண்டைத் தினமும் விரலால் தொட்டுப் பாருங்கள். சிக்கிக்கொண்டால் போத்தல் நிறைந்திருக்கும், எலி தாகத்தில் கிடக்கும்.

கண் 14ஆம் நாளளவில் திறக்கும். நான்காவது வாரத்தில் பால் மறக்கும். ஐந்தாவது வாரம் முடிவதற்குள் ஆண் பெண்ணைப் பிரித்தே ஆகவேண்டும். அதற்குப் பிறகு சகோதரங்களுக்குள்ளேயே சினை பிடித்துவிடும், மகன் தாயோடும் சேரும். ஆணுக்குக் குதத்துக்கும் சிறுநீர்த் துவாரத்துக்கும் இடைவெளி அதிகம். பத்தாம் நாளளவில் பெண் குட்டியின் வயிற்றில் காம்புகள் புள்ளியாகத் தெரியும். உரோமம் மூடுவதற்குள் பார்த்துக் குறித்துவைத்தால் பிறகு குழப்பம் வராது.

வீட்டு எலியும் வயல் எலியும் கூட்டருகே வராமல் பாருங்கள். எலிக்காய்ச்சல் அவற்றின் சிறுநீரிலிருந்து தீன் பாத்திரம் வழியாக உங்கள் எலிக்கும் அங்கிருந்து உங்கள் கைக்கும் வரும். தீன் மூடியுள்ள தகர டின்னில் இருக்கட்டும். படுக்கை மாற்றும்போது கையுறை போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டாயம். மிஞ்சிய குட்டிகளைத் தம்பலகாமத்து வயலிலோ காட்டோரத்திலோ விடுவது கொடுமை. கூட்டில் பிறந்த எலிக்கு அங்கே பிழைக்கத் தெரியாது, பிழைத்தாலும் விவசாயிக்குத் தொல்லை. ஆள் கிடைக்காத குட்டிகளை ஆண், பெண் வேறாக உங்களிடமே வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடம் கிடைக்கும்வரை அடுத்த ஈட்டைத் தள்ளிப்போடுங்கள்.